பென்சில் குறி உள்ள இடத்தில் மட்டும்

பூவம்
4-6-84

அன்புள்ள அண்ணனுக்கு,

அமுதம் எழுதுவது. நானும் அம்மாவும் நலம். பிளஸ் டூ முடிவு வந்துவிட்டது. ஆயிரத்து இருநூறுக்குத் தொள்ளாயிரத்து நாற்பத்தேழு. வகுப்பில் நான்தான் முதல். நண்டலாற்றுப் பாலத்துச் சோதனைச் சாவடியில் ஒரு போலீஸ்காரர் இருக்கிறாரே, நாலு வருடமாக என் புத்தகப் பைக்குள் கையை விட்டுச் சாராய பாட்டில் தேடுகிறவர், அவர்கூட இன்று, "என்னம்மா, பாஸா?" என்று கேட்டார். மார்க்கைச் சொன்னேன். பையைத் திறக்காமலே போகச் சொல்லிவிட்டார்.

இத்துடன் ஒரு விண்ணப்பம் வைத்திருக்கிறேன். வேளாண்மைப் பல்கலைக்கழகம் தானே அச்சடித்துத் தருகிற விண்ணப்பம். தலைமை ஆசிரியை திரிபுரசுந்தரி அம்மா முகவரி கொடுத்தார்கள், எழுதி வரவழைத்தேன். எல்லாக் கட்டங்களையும் நிரப்பிவிட்டேன். அப்பா இல்லாததால், அம்மாவின் கைநாட்டும் செல்லாது என்பதால், காப்பாளர் என்ற இடத்தில் உங்கள் பெயர். நீங்கள் கையெழுத்திட்டுப் பதிவுத் தபாலில் எனக்குத் திருப்பி அனுப்பினால் போதும். முப்பதாம் தேதிக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும்.

பிற மாநிலத்தவருக்கு நான்கு இடங்கள் இருக்கின்றன. நான் படித்தது தமிழ்நாட்டுப் பொறையாரில், குடியிருப்பது பாண்டிச்சேரிப் பிரதேசத்து எல்லைக்குள் இருக்கும் பூவத்தில், அதனால் பிற மாநிலமாம். இருபது நிமிட நடை.

ஏன் வேளாண்மை என்று கேட்பீர்கள். போன சம்பாவில் குருத்துப்பூச்சி விழுந்தபோது மருந்துக் கடைக்காரர் வரப்பில் நின்றபடியே ஒரு மருந்தைச் சொல்லிவிட்டுப் போனார். அது கேட்கவில்லை. பாதி வயல் வெளுத்தது. இறங்கிப் பார்த்துச் சொல்கிற ஆள் ஒருவர் வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன். வேறு காரணம் இல்லை.

அம்மா உங்களை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்கிறார்.

அன்புடன்,
அமுதம்


பாண்டிச்சேரி
8-6-84

அன்புத் தங்கை அமுதத்துக்கு,

முத்தையன் ஆசி கூறி எழுதுவது. உன் மார்க்கை எங்கள் செக்‌ஷன் முழுக்கச் சொல்லி ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தேன். சூப்பரின்டென்டென்ட் எழுந்து வந்து கை கொடுத்தார். அப்பா இருந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டேன்.

நீ அனுப்பிய ஃபாரத்தில் கையெழுத்துப் போடவில்லை. கோபப்படாமல் மேலே படி.

இங்கே நம் பிரதேசத்துப் பிள்ளைகளுக்கென்று தேர்வுக் குழு ஒன்று இருக்கிறது. அவர்கள் ஒரு பொது விண்ணப்பம் தருகிறார்கள். ஒரே ஃபாரம், பதினோரு கல்லூரி. மருத்துவம், பொறியியல், கால்நடை, நீ சொல்கிற வேளாண்மை, எல்லாம் அதில் அடக்கம். அந்தப் பல்கலைக்கழகத்திலேயே நமக்கென்று ஒதுக்கிய இடங்களும் இதன் வழியாகத்தான் நிரப்பப்படுகின்றன. நான்கு இடத்துக்கு எந்தெந்த மாநிலத்துப் பிள்ளைகளோடோ நீ ஏன் முட்டி மோத வேண்டும்? ஒரு கதவைத் தட்டுவது புத்திசாலித்தனமா, பதினோரு கதவைத் தட்டுவதா? உன் மார்க்குக்கு மருத்துவமே கிடைத்தாலும் ஆச்சரியமில்லை.

பொது விண்ணப்பத்தை வரிசையில் நின்று வாங்கி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நிரப்பி, இருபத்திரண்டாம் தேதிக்குள் எனக்குக் கிடைக்கும்படி அனுப்பு. நானே நேரில் கொடுத்துவிடுவேன். கடைசி நாள் இருபத்தைந்து. அடித்தல் திருத்தல் கூடாது. நீல மை வேண்டாம்.

உன் ஃபாரம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

அன்புடன்,
அண்ணன் முத்தையன்


பூவம்
12-6-84

அன்புள்ள அண்ணனுக்கு,

என் ஃபாரம் பத்திரமாக இருக்க வேண்டிய இடம் உங்கள் பெட்டி இல்லை.

நீங்கள் அனுப்பிய பொது விண்ணப்பத்தை மூன்று முறை படித்தேன். நீங்கள் ஒரு முறையாவது படித்தீர்களா? பதினான்காவது கட்டத்தைப் பாருங்கள். விண்ணப்பிப்பவர் கடைசி மூன்று ஆண்டுகள் பிரதேசத்துக்குள் இருக்கும் பள்ளியில் படித்திருக்க வேண்டும். பள்ளியின் பெயரும் சான்றும் கேட்கிறார்கள். நான் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பொறையாரில் படித்தவள்.

கடைசிப் பக்கத்தில் ஓர் உறுதிமொழி இருக்கிறது. பொது விண்ணப்பம் போடுகிறவர்கள் அந்தப் பதினோரு இடங்களில் எதற்கும் தனியாக விண்ணப்பிக்கக் கூடாது. போட்டது தெரிந்தால் இரண்டும் தள்ளுபடி. இதையே பல்கலைக்கழகமும் தன் விண்ணப்பத்தில் போட்டிருக்கிறது. ஆக, இரண்டில் ஒன்றுதான். ஒன்றில் எனக்குத் தகுதி இருக்கிறது, மற்றதில் இல்லை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

ஒருவேளை நான்தான் தப்பாகப் படித்தேனோ என்று நேற்றுக் காரைக்காலுக்குப் போய், விவரம் சொல்லும் அலுவலகத்தில் கேட்டேன். மேசைக்காரர் என் ரேஷன் கார்டைப் பார்த்தார், பள்ளி மாற்றுச் சான்றிதழைப் பார்த்தார், திரும்ப ரேஷன் கார்டைப் பார்த்தார்.

"ஏம்மா, பூவம் நம்ம எல்லைதானே? நம்ம ஊர்ல பள்ளிக்கூடமா இல்ல? எதுக்கு அந்தாண்ட போயிப் படிச்சே?"

"அதுதான் சார் பக்கம். நடந்து போயிடலாம்."

"பக்கம்தான். ஆனா வெளில போயிட்டியே."

அவர் கெட்டவர் இல்லை. வருத்தப்பட்டுத்தான் சொன்னார்.

எட்டாம் வகுப்புவரை நான் காரைக்காலில்தான் படித்தேன், ஜன்னத்தோடு. அவள் அங்கேயே தொடர்ந்தாள். அவள் இந்தப் பொது விண்ணப்பத்தைப் பத்து நிமிடத்தில் நிரப்பிக் கொடுத்துவிட்டாள். என்னை மாற்றியது யார் என்று நான் எழுத வேண்டியதில்லை.

தயவுசெய்து என் ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டு உடனே அனுப்புங்கள்.

அமுதம்


பாண்டிச்சேரி
15-6-84

அமுதத்துக்கு,

உன் கடிதத்தை ஆபீசில் வைத்துப் படித்தேன். படித்திருக்கக் கூடாது.

நான்தான் மாற்றினேன். அப்பா தவறிப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் நான் இங்கே வேலையில் சேர வேண்டும். வீட்டில் ஆம்பிளை இல்லை. காலை ஏழு மணி பஸ் வந்தால் வரும், வராவிட்டால் வராது. மழை நாளில் நீ இருட்டிய பிறகு வீடு திரும்புவாய், அம்மா சாலையில் நின்றுகொண்டிருப்பார். அந்த நிலைமையில் ஒரு பெண் பிள்ளையை நடந்து போகிற பள்ளியில் சேர்த்ததற்கு இன்றைக்கு நீ கணக்குக் கேட்கிறாய். பதினான்காவது கட்டம் வரும் என்று எனக்கு ஜோசியமா தெரியும்?

சரி. அதைச் சரிசெய்ய வேண்டியது என் பொறுப்பு. கருப்பையன் இப்போது காரைக்கால் பக்கம் ஒரு பள்ளியில் எழுத்தராக இருக்கிறான். என்னோடு படித்தவன். உனக்கு அங்கே படித்ததாக ஒரு சான்று தருவான். யாருக்கு என்ன நஷ்டம்? நீ இந்த மண்ணில் பிறந்தவள். இந்த இடம் உனக்குச் சேர வேண்டியது. ஒரு பாலத்தைத் தாண்டியதற்காக அதை விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

உன்னை நிரப்பச் சொல்லவில்லை. இத்துடன் வேறொரு பொது விண்ணப்பம் வைத்திருக்கிறேன், அதில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கும் மூன்று இடங்களில் கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பு. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். அந்தத் தனி ஃபாரத்தில் நான் கையெழுத்துப் போடப் போவதில்லை. நான்கு இடத்தை நம்பி உன் வருடத்தைப் பணயம் வைக்க மாட்டேன்.

அம்மாவுக்கும் தனியாக எழுதியிருக்கிறேன்.

முத்தையன்


பூவம்
18-6-84

அண்ணனுக்கு,

அம்மாவுக்குத் தனியாக எழுதினால் அதையும் நான்தான் படித்துக் காட்ட வேண்டும் என்பது உங்களுக்கு மறந்துவிட்டது போல. "அவளுக்குப் பிடிவாதம் அதிகம், நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்" என்ற வரியையும் விடாமல் படித்தேன். அம்மா கேட்டுவிட்டு, "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும். போட்டுக் குடுத்துடு" என்றார். அப்புறம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

மூன்று இடத்திலும் போட்டுவிட்டேன். காப்பாளர் கையெழுத்து இல்லாமல் என் ஃபாரம் செல்லாது. புதிதாக ஒன்று வரவழைக்கவும் நாள் இல்லை. அதனால்தான் போட்டேன். உங்கள் பேச்சு சரி என்று அல்ல.

அங்கே நீங்கள் என்ன எழுதப் போகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

அமுதம்


பாண்டிச்சேரி
23-7-84

அன்புத் தங்கை அமுதத்துக்கு,

தேர்வுக் குழு அலுவலகத்தில் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். நான் இரண்டு முறை விரல் வைத்துப் பார்த்தேன். செ. அமுதம், பூவம். வேளாண்மைப் பட்டப் படிப்பு. நீ கேட்ட அதே படிப்பு, அதே பல்கலைக்கழகம். உனக்கு மருத்துவம் கிடைக்கவில்லையே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், ஆனால் உனக்குப் பிடித்தது வந்துவிட்டது.

இப்போதாவது அண்ணன் சொன்னதில் விஷயம் இருந்தது என்று ஒத்துக்கொள்வாயா? ஒத்துக்கொள்ள வேண்டாம். சிரித்தால் போதும்.

ஆகஸ்ட் மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை சான்றிதழ் சரிபார்ப்பு. அசல் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு முதல் நாளே வந்துவிடு. பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். அது வெறும் சடங்கு. கட்டுக் கட்டாக வைத்திருப்பார்கள், மார்க் பட்டியலை மட்டும் பார்த்து முத்திரை குத்துவார்கள். விசாரித்துவிட்டேன்.

ஜன்னத்துக்கும் கால்நடை மருத்துவம் கிடைத்திருக்கிறது. சொல்லிவிடு.

அன்புடன்,
அண்ணன்


பூவம்
6-8-84

அண்ணனுக்கு,

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஏற்றிவிட்டு, "உள்ளே என்ன நடந்தது, என்ன நடந்தது" என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டீர்கள். இப்போது எழுதுகிறேன். ஒரே ஒரு முறை.

அறைக்குள் ஓர் அம்மாள் அதிகாரி இருந்தார். மார்க் பட்டியலில் முத்திரை குத்தினார். அடுத்து மாற்றுச் சான்றிதழ். அசலைத்தான் கேட்டார். பொறையார் பள்ளி முத்திரை. பிறகு ஃபாரத்தில் இணைத்திருந்த கருப்பையன் சான்றைப் பார்த்தார். இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கோபமே வரவில்லை அவருக்கு. அதுதான் பயமாக இருந்தது.

"இந்த மூணு வருஷமும் நீ ரெண்டு ஊர்லயும் படிச்சியாம்மா?"

நான் இரண்டு முத்திரைகளையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"எது உண்மை?"

"பொறையார், மேடம்."

"அப்ப இது?"

சொல்லியிருக்கலாம். வெளியே வேப்பமரத்தடியில் நீங்கள் நின்றுகொண்டிருப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. வெள்ளைச் சட்டை போட்டு, கையில் எனக்கு வாங்கிய பிஸ்கட் பொட்டலத்தோடு.

"நான்தான் வாங்கி வச்சேன்" என்றேன்.

"யாரு குடுத்தது?"

"தெரியாது மேடம்."

அவர் பேனாவை மூடினார். "போலீசுக்கு அனுப்பணும்னு விதி இருக்கு. உன் மார்க்கைப் பாத்தா எனக்கு மனசு வரல" என்றார். ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்தார். தவறான சான்றை இணைத்ததால் நானே விலகிக்கொள்கிறேன் என்று எழுதச் சொன்னார். எழுதினேன். 'தவறான' என்பதற்கு எந்த 'ற' என்று அந்த நேரத்தில் சந்தேகம் வந்துவிட்டது. அவர்தான் சொன்னார்.

என் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விட்டது. பல்கலைக்கழகத்தின் சொந்த விண்ணப்பத்துக்கு ஜூன் முப்பதோடு நாள் முடிந்துவிட்டது. அதில் பொய் எழுத வேண்டிய கட்டமே கிடையாது, அண்ணா. பிற மாநிலம் என்று எழுதினேன், அவ்வளவுதான்.

அம்மாவிடம் விவரம் முழுவதும் சொல்லவில்லை. பேப்பரில் கோளாறு என்று மட்டும் சொன்னேன். "உள்ள போயி வாயைத் திறந்து ஒளறியிருப்பே" என்கிறார். அப்படியே இருக்கட்டும்.

எனக்கு எழுத வேண்டாம்.

அமுதம்


பாண்டிச்சேரி
14-8-84

அமுதத்துக்கு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதாமல் இருக்க முடியவில்லை.

அந்த அதிகாரி புதிதாக வந்தவராம். பழைய ஆள் இருந்திருந்தால் மாற்றுச் சான்றிதழைப் புரட்டியே பார்த்திருக்க மாட்டார். நம் நேரம். கருப்பையன் பயந்துபோய் இருக்கிறான். உன்னிடம் யாராவது கேட்டால் அவன் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று சொல்லச் சொன்னான். நீ சொல்லவில்லை என்று அவனுக்கு எழுதிவிட்டேன்.

நீ என் பெயரையும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது எழுதுவது சுலபம். சொல்லியிருந்தால் என் வேலை என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துத்தான் சொல்லாமல் இருந்தாய் என்பதும் தெரியும்.

உன் தனி ஃபாரம் என் மேசை அறைக்குள் இருக்கிறது. நேற்று எடுத்துப் பார்த்தேன். எவ்வளவு அழகாக நிரப்பியிருக்கிறாய். ஒரு அடித்தல் இல்லை. கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தால் எனக்கு அரை நிமிட வேலை.

நடந்தது நடந்துவிட்டது. அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். பதில் எழுது.

முத்தையன்


பூவம்
2-12-84

இது அம்மா சொல்லச் சொல்ல எழுதியது.

தம்பி முத்தையனுக்கு, ஒன் அம்மா காசியம்மா. நல்லாருக்கியா. இங்க நாலு நாளா மழை விடல. நண்டலாறு கரை தொட்டுப் போவுது. சம்பா தண்ணிக்குள்ள நிக்கிது, வடிஞ்சாத்தான் தெரியும் பொழைக்குமா பொழைக்காதான்னு. நீ அனுப்புன போர்வை வந்துச்சு. தீவாளிக்கு நீ வருவேன்னு பாத்தேன், லீவு இல்லன்னு எழுதுனே, சரி. தங்கச்சி வீட்டுலயேதான் இருக்கா. சாயங்காலம் அக்கம்பக்கத்துப் புள்ளைவளுக்குப் பாடம் சொல்லிக் குடுக்குறா. வரிச்சிக்குடியிலேருந்து ஒரு மாப்புள வூட்டுக்காரங்க கேட்டு ஆள் உட்டாங்க. பையன் டிராக்டர் வச்சிருக்கான். இவகிட்ட கேட்டா எந்திரிச்சி வெளில போயிடுறா. நீதான் வந்து என்னா ஏதுன்னு பேசணும். இதை எழுத மாட்டேங்குறா, எழுதுடி எழுதுடின்னு சொல்லி எழுத வக்கிறேன். ஒடம்பப் பாத்துக்க.

அம்மா சொன்னது இவ்வளவுதான்.


பாண்டிச்சேரி
9-12-84

அம்மாவுக்கும், இதைப் படித்துக் காட்டுகிறவளுக்கும்,

அம்மா, வரிச்சிக்குடிக்காரர்களுக்கு இப்போது வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவள் படிக்கப் போகிறாள். நான் சொன்னேன் என்று சொல்லுங்கள்.

படிக்கிறவளே, கடைசி வரியில் உன் பெயரைக்கூடப் போடவில்லை. நாலு மாதமாக உன் கையெழுத்து மட்டும்தான் எனக்கு வருகிறது. இந்த வரியை அம்மாவுக்குப் படிக்காமல் விட்டுவிடுவாய் என்று தெரியும். விட்டுவிடு.

முத்தையன்


பூவம்
10-5-85

அண்ணனுக்கு,

இத்துடன் பல்கலைக்கழகத்தின் சொந்த விண்ணப்பம், இந்த வருடத்தது. நானே எழுதி வரவழைத்தேன். பொது விண்ணப்பம் எனக்கு வேண்டாம். அதில் எனக்கு இடமும் இல்லை. உங்களிடம் பேச்சு நின்ற பிறகு, காப்பாளர் கையெழுத்தில்லாமல் முடியுமா என்று பல்கலைக்கழகத்துக்கே எழுதிக் கேட்டேன். முடியாது என்று பதில் வந்தது. அதனால் இந்தக் கடிதம்.

நான்காம் பக்கத்தில் பென்சில் குறி உள்ள இடத்தில் மட்டும் கையெழுத்துப் போடுங்கள். வேறெதையும் நிரப்ப வேண்டாம். எதையும் இணைக்க வேண்டாம். யாரையும் பார்த்துப் பேச வேண்டாம். உள்ளே எழுதியிருப்பதை மாற்றவும் வேண்டாம்.

ஒரு வாரத்தில் வராவிட்டால் நானே பஸ் ஏறி வந்து உங்கள் ஆபீஸ் வாசலில் நிற்பேன்.

செ. அமுதம்


பாண்டிச்சேரி
16-5-85

அன்புள்ள அமுதம்,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். பென்சில் குறி இருந்த இடத்தில் மட்டும்.

உள்ளே படிக்கக் கூடாது என்று நீ சொல்லவில்லை. படித்தேன். ஒன்பதாவது கட்டம். 'இதற்கு முன் ஏதேனும் தேர்வுக் குழுவால் நீக்கப்பட்டதோ, விலகியதோ உண்டா? ஆம் எனில் காரணம்.' அதற்கு எதிரே நீ, 'ஆம். 1984. தவறான சான்றை இணைத்தேன்' என்று எழுதியிருக்கிறாய்.

'இல்லை' என்று எழுதியிருந்தால் யாருக்குத் தெரியப் போகிறது என்றுதான் முதலில் தோன்றியது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அப்படித்தான் தோன்றியது. கொஞ்ச நேரம் கழித்து 'இணைத்தேன்' என்ற சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ எங்கே இணைத்தாய்? குண்டூசி குத்தியது நான்.

செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு போட்டு அந்த அம்மாளைப் போய்ப் பார்த்தேன். ஒன்றரை மணி நேரம் வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார். உள்ளே போய், "போன வருஷம் பூவத்துப் பொண்ணு ஒண்ணு வந்துச்சே மேடம், அந்த ஃபாரத்தை நிரப்புனது நான். அதுகிட்ட வெறும் கையெழுத்துதான் வாங்கினேன்" என்றேன்.

"இத்தனை மாசம் கழிச்சு எதுக்கு வந்தீங்க?"

"எழுதிக் குடுக்குறேன் மேடம்" என்றேன். எழுதிக் கொடுத்தேன். கருப்பையன் பெயரை எழுதவில்லை, சான்றை நானே ஏற்பாடு செய்தேன் என்று மட்டும். அவர் அதை உன் பைலில் வைத்தார், இன்னொரு பிரதியை என் ஆபீசுக்கு அனுப்பப் போவதாகவும் சொன்னார். "அனுப்பாம இருக்க முடியாது, நீங்களும் அரசாங்க ஊழியர்" என்றார். நேற்று மெமோ வந்துவிட்டது. பதினைந்து நாளில் விளக்கம் கொடுக்க வேண்டும். செக்‌ஷனில் யாரும் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. நிலைமை என்ன ஆகும் என்று தெரியவில்லை. அம்மாவிடம் இதைச் சொல்லாதே.

யாரையும் பார்த்துப் பேச வேண்டாம் என்றாய். மீறிவிட்டேன். ஆனால் எதையும் இணைக்கவில்லை. நான் எழுதிக் கொடுத்ததன் நகல், அதிகாரி முத்திரையோடு, தனி உறையில் இருக்கிறது. விண்ணப்பத்தோடு வைப்பதும் வைக்காததும் உன் இஷ்டம்.

உன்னைப் பள்ளி மாற்றியதற்கு நான் வருத்தப்படவில்லை. அன்றைக்கு வேறு வழி தெரியவில்லை. உன் ஃபாரத்தைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டதற்குத்தான் வருத்தப்படுகிறேன்.

முத்தையன்


பூவம்
24-7-85

அன்புள்ள அண்ணனுக்கு,

இன்று தபால் வந்தது. இடம் கிடைத்துவிட்டது. பிற மாநிலத்தவர் நால்வரில் நான் மூன்றாவது. ஒரு பெண் கேரளம், ஒரு பையன் ஆந்திரம், இன்னொருவர் எங்கிருந்தோ. நான் நண்டலாற்றுக்கு இந்தக் கரை.

நேர்முகத்தைப் பற்றி நான் எழுதவே இல்லை. எழுதப் பயம். ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். பயிர், பூச்சி, உரம் என்று கேட்டதற்கெல்லாம் சொன்னேன். பிறகு நடுவில் இருந்தவர் ஒன்பதாவது கட்டத்தில் விரலை வைத்தார்.

"இது என்னம்மா?"

சொன்னேன். எல்லை, பள்ளி, கட்டம், சான்று. யார் நிரப்பியது என்று கேட்டார். இந்த முறை, "எங்க அண்ணன் சார். ஆனா தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டேன்" என்றேன்.

"இதை எழுதாம விட்டிருந்தா நாங்க கண்டுபிடிச்சிருக்க மாட்டோமே?"

"தெரியும் சார்."

அவர் பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ ஆங்கிலத்தில் முணுமுணுத்தார். என்னைப் போகச் சொல்லிவிட்டார். அதிலிருந்து இன்றைக்குவரை, ஏன்தான் எழுதித் தொலைத்தோமோ என்று தினமும் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். நான் ஒன்றும் பெரிய உத்தமி இல்லை, அண்ணா. இன்னொரு முறை இரண்டு தாளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருவர் கேட்டால் என்னால் தாங்க முடியாது, அதற்காகத்தான் எழுதினேன்.

நீங்கள் அனுப்பிய நகலை விண்ணப்பத்தோடு வைக்கவில்லை. நேர்முகத்துக்கு எடுத்துப் போனேன், வெளியே எடுக்கவில்லை. ஆனால் அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டிவிட்டேன். சொல்லாதே என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். நானும் ஒன்றை மீறிவிட்டேன். ஒரு வருடமாக "வாயைத் திறந்து ஒளறிட்டா" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார், எனக்கும் பொறுக்கவில்லை. முழுவதும் கேட்டார். முறத்திலிருந்த அரிசியைக் கீழே வைத்தார். "ரெண்டு பேரும் எங்கிட்ட மறைச்சிட்டீங்க" என்றார். பிறகு, "வேலைக்கு ஒண்ணும் வந்துடாதே அவனுக்கு?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். மெமோவுக்கு விளக்கம் எழுதிக் கொடுத்துவிட்டீர்களா? முடிவு எதுவானாலும் மறைக்காமல் எழுதுங்கள். ஊதிய உயர்வை நிறுத்தினால் நிறுத்தட்டும்.

உங்கள் மேல் எனக்கு இருந்த கோபம் போய்விட்டது என்று எழுத ஆசைதான். பாதி போயிருக்கிறது. ஜன்னத் லீவுக்கு வந்திருந்தபோது இரண்டாம் வருடப் புத்தகங்களைக் காட்டினாள். அன்றைக்குத் திரும்பவும் வந்துவிட்டது.

ஆகஸ்ட் ஐந்தாம் தேதி திங்கட்கிழமை சேர வேண்டும். விடுதியில் சேர்க்கக் காப்பாளர் நேரில் வர வேண்டுமாம். சனிக்கிழமையே பூவத்துக்கு வந்துவிடுங்கள். அம்மா கோழி அடிக்கிறேன் என்கிறார். போன வருடத்திலிருந்து நீங்கள் வீட்டுப் படி ஏறவில்லை.

அங்கே கவுண்டரில் கேட்பதற்கெல்லாம் நானே பதில் சொல்லிக்கொள்வேன். நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும்.

அன்புடன்,
தங்கை அமுதம்